பல்வலி எத்தனை நொடி நிற்கிறது?

குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்ததும் பல் சுரீர் என்கிறதா? விழுங்கிவிட்டு உடனே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். ஐந்து, பத்து நொடிக்குள் வலி முழுக்க அடங்கிவிட்டால் பல்லின் உயிர் மீளக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் சொத்தையை அடைப்பதோடு காரியம் முடிந்துவிடும். அரை நிமிடம் தாண்டியும் விண்விண் என்று தெறித்துக்கொண்டே இருந்தால் நிலைமை வேறு. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊரான சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல் கிளினிக்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாம் கட்டத்தையும் தாண்டி, கன்னம் வீங்கிய பிறகுதான் வருகிறார்கள். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது பல வாரத்து வேலையாகிவிடுகிறது, இல்லையென்றால் பல்லே போய்விடுகிறது.

பல்லின் வெளிப்புறம் எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் பற்கூழ். இந்தப் பற்கூழில்தான் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன. வேர் நுனியில் உள்ள, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாகத்தான் இவை உள்ளே வருகின்றன. விரலில் அடிபட்டால் சதை வீங்க இடமுண்டு. பற்கூழ் வீங்க இடமே கிடையாது, நான்கு பக்கமும் கெட்டிச் சுவர். அழுத்தம் உள்ளேயே ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. பகலெல்லாம் சும்மா இருந்த பல் ராத்திரி பாயில் சாய்ந்ததும் குத்தத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். தலையணை இரண்டை அடுக்கித் தலையை உயர்த்திப் படுத்தால் ஓரளவு குறையும்.

சொத்தை பற்கூழைத் தொட்ட பிறகுதான் அழற்சி வரும் என்று நினைக்க வேண்டாம். டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். கிருமியின் அமிலமும் நஞ்சும் அவற்றின் வழியாக முன்னதாகவே உள்ளே போய்ச் சேரும். சொத்தை மட்டுமே காரணமும் இல்லை. கொட்டைப் பாக்கைக் கடித்து விழுந்த விரிசல், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பட்ட அடி, ஓரத்தில் கசியும் பழைய அடைப்பு, எனாமல் தேய்ந்து டென்டின் வெளியே தெரிவது, எல்லாமே பற்கூழை உசுப்பிவிடும். விரிசல் விழுந்த பல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: கடிக்கும்போது வலிப்பதைவிட, கடித்ததை விடும்போது சுரீர் என்று வலிக்கும். இதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் தேடும் வேலை பாதி குறையும்.

முதல் கட்டத்தின் அடையாளம்: குளிரோ இனிப்போ பட்டால் மட்டும் வலி, எடுத்ததும் அடங்கும், தானாக வராது, தூக்கத்தைக் கெடுக்காது. அடுத்த கட்டத்தில் எதுவும் படாமலே வலி வரும், ராத்திரி எழுப்பிவிடும், சூடான தேத்தண்ணி பட்டால் உயிர் போகும். ஒரு கட்டத்தில் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் வலி குறையும். ஐஸ் தண்ணீர்ப் போத்தலைக் கையோடு தூக்கிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு மடக்கு வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால், சோதனைக்கு முன்பே நிலைமை புரிந்துவிடும்: அந்தப் பற்கூழ் தானாகத் திரும்பாது. குளிரால் வலி குறைவதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான். மேல்பல்லின் வலி கீழ்ப்பல்லில் இருப்பதுபோலத் தோன்றும், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் போகும். “இதத்தான் புடுங்கணும்” என்று பக்கத்துப் பல்லைக் காட்டி அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. எக்ஸ்ரேயும் குளிர்ச் சோதனையும் முடியும்வரை பொறுங்கள். அழற்சி வேர் நுனியைக் கடந்து எலும்புப் பக்கம் போன பிறகு, தட்டினாலே வலிக்கும், விரலை வைத்துச் சரியாகக் காட்டவும் முடியும்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது வலி நிற்கும் கட்டம். பற்கூழ் செத்துப்போனதும் நரம்பும் சாகிறது, வலி மறைகிறது. அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். கிராம்பு, நாட்டு மருந்து, நண்பர் கொடுத்த மாத்திரை எல்லாம் இப்படித்தான் பேர் வாங்குகின்றன. உள்ளே செத்த திசு அழுகிக்கொண்டிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஈறில் சின்னப் பரு தோன்றும், உடைந்தால் உப்புக் கரிப்பாக நீர் வரும், மறுபடி மூடிக்கொள்ளும். வலிக்கவில்லையே என்று விடுவார்கள். சீழுக்கு வழி இருப்பதால்தான் வலிக்கவில்லை. ஒரு வாரம் படாத பாடு படுத்திய பல் திடீரென்று அமைதியானால் அந்த வாரமே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பல்வலி போலத் தெரிந்தும் பல்வலி அல்லாதவை இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். சளி பிடித்த பிறகு மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலித்து, குனிந்தால் அதிகமானால் அது சைனஸாக இருக்கலாம். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடையில் இறுக்கமாக வலி வந்து, நின்றால் குறைந்தால், அதோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ நெஞ்சில் பாரமோ இருந்தால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். பல் கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ராத்திரியைக் கடத்த மாத்திரை வேண்டும். பெரியவர்களுக்குச் சிறந்த சேர்க்கை ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமோல் 1000 மில்லிகிராமும், அதாவது 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை, ஒன்றாகச் சாப்பிட்டால் தனித்தனியாகச் சாப்பிடுவதைவிட வலி நன்றாக அடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறிலிருந்து எட்டு மணி நேர இடைவெளியில். மருத்துவர் சொல்லாமல் ஐபுபுரோஃபென் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் (அதாவது மூன்று தடவை), பாரசிட்டமோல் 4000 மில்லிகிராம் தாண்டக் கூடாது. உடல் மெலிந்தவர்களும் கல்லீரல் கோளாறு, மதுப்பழக்கம் உள்ளவர்களும் பாரசிட்டமோலையும் குறைக்க வேண்டும். பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரையும் ஐபுபுரோஃபென் வகையைச் சேர்ந்ததுதான். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இரத்தத்தை இளக்கும் மருந்து, இந்த மாத்திரைகளால் இழுப்பு வரும் ஆஸ்துமா, கர்ப்பம்: இவற்றில் எது இருந்தாலும் ஐபுபுரோஃபென் வகை வேண்டாம், பாரசிட்டமோல் மட்டும். காய்ச்சலும் இருந்தால் டிங்கி (டெங்கு) இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை இதே விதிதான். டிங்கிக் காய்ச்சலில் இந்த வகை மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டும். தோட்டத்தில் டிங்கி பரவும் மாதங்களில் இது உயிர் பிரச்சினை.

கிராம்பு எண்ணெய்க்கு நிஜமாகவே மரத்துப்போக வைக்கும் குணம் உண்டு. அதிலுள்ள யூஜினால் பல் மருத்துவத்திலேயே பயன்படுகிறது. ஆனால் ஒரே ஒரு சொட்டு, சின்னப் பஞ்சில் நனைத்து, சொத்தைக் குழிக்குள் மட்டும். ஈறில் வழிந்தால் புண்ணாகும். சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கவே கூடாது, விழுங்கினால் நஞ்சு. கற்பூரமும் அப்படியே, குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்கள் வெள்ளையாக வெந்துபோன ஈறோடு வருகிறார்கள், பல்வலியும் அப்படியே இருக்கிறது. கோடாலித் தைலம் வெளியே தேய்ப்பதற்கு, வாய்க்குள் விடுவதற்கு அல்ல. வெதுவெதுப்பான நீர் ஒரு கிளாஸில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்து, குழியில் அடைத்திருக்கும் சோற்றுப் பருக்கையை எடுத்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட உருப்படியான காரியம். வீங்கிய கன்னத்தில் சூட்டு ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

“டாக்டர், அந்த ரெண்டு கலர் மாத்திர குடுங்க, போதும்” என்று ஆன்டிபயாடிக் கேட்பது இங்கே பழகிப்போன ஒன்று. பற்கூழ் அழற்சி வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. நெரிபட்ட பற்கூழுக்கு மருந்து போதிய அளவு போய்ச் சேராது, செத்த பற்கூழுக்கு இரத்தமே போகாது. வலி வருவது உள்ளே ஏறும் அழுத்தத்தால், அதை மாத்திரை இறக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியும் நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு இந்த நிலையில் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் தேவை, அப்போதும் சீழை வெளியேற்றுவதோ பல்லுக்குள் வேலை செய்வதோதான் முதல் சிகிச்சை. தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுப்பவரைக் கட்டாயப்படுத்தி வாங்காதீர்கள்.

வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலோ, தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ இறங்கினாலோ, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுக்குழாய் அடைபடும் அபாயம் அது. ராத்திரி எந்நேரமானாலும் வண்டி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி சிகிச்சை. மீளக்கூடிய நிலையில் சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். குழி ஆழமாக இருந்தால், பற்கூழுக்கு நேர் மேலே உள்ள கொஞ்சம் மென்மையான டென்டினை வேண்டுமென்றே விட்டு, ஓரங்களை மட்டும் சுத்தமாக எடுத்து, இறுக்கமாக மூடுவார்கள். அரைகுறை வேலை என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் சுரண்டி பற்கூழைத் திறந்துவிடுவதைவிட இது பல்லைக் காப்பாற்றும், வெளியிலிருந்து சர்க்கரை போகாமல் மூடிவிட்டால் மிச்சக் கிருமி அடங்கிவிடும். ஆழமான அடைப்புக்குப் பிறகு ஓரிரு வாரம் குளிர் கூசலாம். நாளாக நாளாகக் குறைந்தால் சரி. கூடினாலோ ராத்திரி வலித்தாலோ திரும்பப் போங்கள். கடிக்கும்போது மட்டும் வலித்தால் பெரும்பாலும் அடைப்பு உயரமாக இருக்கும், கொஞ்சம் தேய்த்துவிட்டால் தீரும்.

மீளாத நிலையில் மூன்று வழிகள்: பற்கூழின் மேல்பகுதியை மட்டும் அகற்றி மருந்துச் சிமெண்டால் மூடுவது, வேருக்குள் உள்ள குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை, பிடுங்குவது. முதல் வழி முன்பு பால்பற்களுக்கும் வேர் முதிராத பற்களுக்கும்தான். இப்போது பெரியவர்களின் நிரந்தரப் பற்களுக்கும், வேருக்குள் உள்ள பகுதி உயிரோடு இருந்து இரத்தக் கசிவு நின்றால் செய்கிறார்கள். உங்கள் பல்லுக்குச் சாத்தியமா என்று கேளுங்கள்.

வேர் சிகிச்சைக்குப் பயப்படுகிறவர்கள் பயப்படுவது ஊசிக்கு. உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் கீழ்க் கடைவாய்ப் பல். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது உதடு மரத்தும் பல் மரக்காமல் இருக்கலாம். அங்கே எலும்பு கெட்டி, உசுப்பிவிடப்பட்ட நரம்பும் எளிதில் அடங்காது. “உதடு மரத்துப் போச்சு, ஆனா பல்லு வலிக்குது” என்று கை தூக்கிச் சொல்லுங்கள். பல்லுக்குப் பக்கத்திலோ வேரைச் சுற்றியோ கூடுதல் ஊசி போட வழியிருக்கிறது. ஒரு மணி நேரம் முன்னதாக ஐபுபுரோஃபென் சாப்பிட்டு வந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கிறது. மேலே சொன்ன தடைகள் இல்லாதவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

பிறகு பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். மூச்சு முட்டுமோ என்று சிலர் வேண்டாம் என்கிறார்கள். மூக்கால் மூச்சு விட்டால் போதும். எச்சிலிலுள்ள கிருமி உள்ளே போகாமலும், சின்னக் கம்பி தொண்டைக்குள் விழாமலும், கழுவும் மருந்து வாயில் வழியாமலும் காப்பது அதுதான். சொத்தையை முழுக்க எடுத்து, மேலிருந்து வழி திறந்து, குழாய்களைத் தேடுவார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய், கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு, மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் பல மாதம் கழித்து வலி திரும்பும். நீளத்தை மின்கருவியாலும் எக்ஸ்ரேயாலும் அளந்து, வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துவார்கள். கம்பி குழாயை அகலமாக்கும், கிருமியைக் கொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கழுவல். அதனால்தான் நேரம் எடுக்கிறது.

ஒரே நாளில் முடியாவிட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துத் தற்காலிக அடைப்புப் போட்டு அனுப்புவார்கள். பல் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். வலி போய்விட்டது, அடுத்த தேதியில் செம்பனைக் குலை வெட்டு உச்சத்தில் இருக்கிறது, எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் கையில் வரும் காசு குறையும், தேதி தள்ளிப்போகிறது. தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும். அது கரைந்து கசிந்தால் கழுவிச் சுத்தம் செய்த குழாய்க்குள் மறுபடி எச்சில் போகும், செய்த வேலை அத்தனையும் வீண். முதல் தேதி வாங்கும்போதே இரண்டாவது தேதியைச் சம்பள வாரத்துக்கும் வேலை முறைக்கும் தோதாகக் கேட்டு வாங்குங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் குழாயை அடைப்பது கட்டா பெர்ச்சா. ரப்பர் மரத்துப் பால் இல்லை, இந்த மலாயாக் காட்டுக்கே சொந்தமான தபான் மரத்துப் பாலிலிருந்து வருவது. ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இங்கிருந்துதான் கப்பல் கப்பலாகப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உலகமெங்கும் பல் வேரை அடைப்பதும் இதே பொருள்தான். பால் மரம் வெட்டியே பிழைத்த ஊரில் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று நம்பிக்கை வருகிறது.

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி, அதாவது பல்லை முழுக்க மூடும் உறை, போட வேண்டும். நடுவில் குடைந்த பல், சுவர் மெலிந்து, முறுக்கையோ எலும்பையோ கடிக்கும்போது வேர்வரை பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. செலவு இங்கேதான் கடிக்கிறது: தனியார் கிளினிக்கில் கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சையும் தொப்பியும் சேர்ந்தால் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்)த் தாண்டிவிடும். அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காத்திருப்பு நீளம், சிக்கலான வேரென்றால் பெரிய ஊரான ஈப்போவுக்கு அனுப்பலாம். வலியோடு போனால் முதல் நாளே வலியை இறக்கிவிடுவார்கள், மீதிக்குத்தான் வரிசை. தொப்பி வரும்வரை முனைகளை மூடி அடைப்புப் போட முடியுமா என்று கேளுங்கள், அந்தப் பக்கம் கெட்டியானதைக் கடிக்காதீர்கள்.

ஈறுக்குக் கீழே வரை அழுகிய பல்லை, பிளந்த வேரைப் பிடுங்குவதில் தவறில்லை. பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடியுங்கள், 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், புகைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வலி கூடிக் காதுக்கு ஏறினால் இரத்தக் கட்டி கரைந்துவிட்டது என்று அர்த்தம், போய்க் கழுவி மருந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வந்து மலிவாகப் பல் கட்டுகிறேன், பிடுங்குகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள். பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் காலாவதியாகாத தொழில் சான்றிதழ் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

இத்தனைக்கும் முந்திய காரியம் சொத்தையே விழாமல் பார்ப்பது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைத் தின்கிறது. இனிப்பு ஒரு மடக்கு உள்ளே போனால் சில நிமிடத்தில் வாய் அமிலமாகும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) முன் கெட்டிப்பால் கோப்பி, பசியாறும்போது தே தாரிக், பதினொரு மணிக்குப் போத்தலில் சிராப், மாலையில் மைலோ, அதையும் மடக்கு மடக்காக: பல்லுக்கு ஓய்வே இல்லை. “குறாங் மானிஸ்” (இனிப்பைக் குறைத்து) என்று கேட்பது இனிப்பு நீருக்கு நல்லது, பல்லுக்குப் போதாது. இனிப்பைச் சாப்பாட்டோடு ஒரு தடவையாக முடித்துவிட்டு, இடையில் “தே ஓ கோசோங்” (பாலும் சர்க்கரையும் இல்லாத தேத்தண்ணி) அல்லது வெறும் தண்ணீர் குடியுங்கள். கடையில் “தே சி கோசோங்” கேட்டால் பாலும் கிடைக்கும், சர்க்கரை இருக்காது.

பற்பசைப் பெட்டியில் ஃபுளோரைடு அளவைப் படியுங்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும். மூலிகை என்று விற்பவை சிலவற்றில் அறவே இருக்காது. ராத்திரி துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். உமிக்கரியும் சாம்பலும் எனாமலைத் தேய்க்கும். நாட்டின் பல மாநிலங்களில் குழாய்த் தண்ணீரில் 0.5 பிபிஎம் அளவு ஃபுளோரைடு சேர்ப்பது வழக்கம். ஆனால் ஓடைத் தண்ணீரையோ சொந்தத் தொட்டியையோ நம்பிய தோட்டங்களுக்கு அது வருவதில்லை, கடையோர ஆர்.ஓ. (சுத்திகரிப்பு) மெஷின் தண்ணீரிலும் பெரும்பகுதி வடிகட்டப்பட்டிருக்கும். அந்த வீடுகளில் பற்பசையை இரண்டு வேளையும் விடவே கூடாது.

பிள்ளைகளுக்கு ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். விழப்போகிற பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுவது இதைத்தான். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் வேர் முழுக்க மூட ஒன்பது, பத்து வயதாகும், அதற்குள் பற்கூழ் செத்தால் வேர் பாதியில் நின்றுவிடும், சிகிச்சையும் கடினம். முளைத்த உடனே அதன் பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடிவிடலாம், ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை. தமிழ்ப்பள்ளிக்கு வரும் அரசாங்கப் பல் மருத்துவக் குழுவிடமே இதைக் கேட்கலாம். அதற்குப் பெற்றோர் சம்மதப் பாரத்தில் கையெழுத்து வேண்டும். பாரம் பிள்ளையின் புத்தகப் பையிலேயே கிடந்தால் குழு பல்லைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகும், வேலை நடக்காது. வருடத் தொடக்கத்திலேயே பையைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.